அத்தை பாஸ் போட்ட அறுபத்திரண்டு வார்த்தைகள்

"புத்தக அட்டையில என் பேரு வரணும் சார்."

அவள் இந்தக் கடையில் வேலைக்குச் சேர்ந்த அன்றே அம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்: "லீவு கேளு, ஃபேன் கேளு. செஞ்ச வேலைக்குப் பேரு மட்டும் கேட்டுடாதே. வந்த வழியைக் காட்டிருவாங்க." வீட்டின் முதல் பட்டதாரி அதை ஒரு காதில் வாங்கி மறு காதில் எப்போதோ விட்டிருந்தாள்.

கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடையின் முதலாளி, அச்சகத்திலிருந்து வந்த மாதிரிப் பிரதியைத் தடவிக்கொண்டிருந்தார். 'கம்ப்யூட்டர் பேச்சு, எல்லோருக்கும் புரியும்படி.' கீழே பூசணிக்காய் பருமனில் அவர் பெயர்.

உள்ளே இருந்த அறுபத்திரண்டு வார்த்தைகளுக்கும் விளக்கம் எழுதியவள் இவள். ஒவ்வொன்றையும் தையல் கடை வைத்திருக்கும் அத்தைக்குப் போனில் வாசிப்பாள். அத்தை "ம்" என்றால் அடித்துவிட்டு மறுபடி எழுதுவாள். "அட, இவ்ளோதானாடி" என்றால் பாஸ். கம்ப்யூட்டர் அசையாமல் நின்றுவிடும் 'ஹேங்' ஒன்றுக்கே ஏழு "ம்" விழுந்தது.

"கடை என்னுது, பேரும் என்னுது. நீ டைப் பண்ணவ, அவ்ளோதான்," என்றார் முதலாளி.

அவள் வாயைத் திறப்பதற்குள் பெஞ்சிலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. பழுதுபார்க்கக் கொடுத்த லேப்டாப்பை வாங்க வந்த பல் டாக்டரம்மா அங்கே கிடந்த இன்னொரு பிரதியைப் படித்துக்கொண்டிருந்தார்.

"'அடிக்கடி வேணும்கிற ஊசியை அத்தை டப்பாவில் போடமாட்டாள், தோள்பட்டைத் துணியிலேயே குத்திவைப்பாள். அதுதான் கேச். நிறையச் சேர்ந்தால் அத்தைக்கே குத்தும், அதனால் அப்பப்போ காலி செய்யணும்.' இத்தனை வருஷம் இது புரியாம இருந்தேனே. யாரு சார் இந்த அத்தை?"

"எங்க அத்தைதான்," என்றார் முதலாளி, கண்கூட இமைக்காமல்.

"நாலு பேர் ஒரே நேரத்துல துணி கேட்டா பதிலே பேசாம சுவத்தையே பாத்துட்டு நிப்பாங்களாமே?"

முதலாளி புத்தகத்தைப் புரட்டிக்கூடப் பார்த்ததில்லை. "ஆமாங்க," என்று முகத்தைத் தொங்கப்போட்டார். "ஆஸ்பத்திரியில காட்டிட்டு இருக்கோம்."

திட்ட வாயெடுத்தவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மேசையைப் பிடித்துக்கொண்டாள். "அது 'ஹேங்'குக்கு நான் எழுதின உதாரணம், டாக்டர். அவங்க என் அத்தை. கல்லு மாதிரி இருக்காங்க."

டாக்டரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே முதலாளியைப் பார்த்தார். முதலாளி கூரையைப் பார்த்தார்.

"சரி, சரி. கடைசிப் பக்கத்துல பொடி எழுத்துல 'உதவி'ன்னு உன் பேரப் போட்டுடறேன். ரெண்டாம் பாகம் எழுதணும்ல?"

"பேரு தரமாட்டேன்னப்பகூட சண்டை போட்டு வாங்கிக்கலாம்னுதான் நின்னேன் சார். என் அத்தையவே தூக்கிட்டீங்க பாருங்க, அப்பவே முடிவு பண்ணிட்டேன். ரெண்டாம் பாகத்தை உங்க அத்தைகிட்ட கேட்டு எழுதுங்க."

பையைத் தோளில் மாட்டினாள். படியில் ஒருமுறை நின்று, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து முடித்து, இறங்கிப் போனாள்.