நாற்பத்தொன்பது நாள் பிந்திய மனைவி

1

இந்தக் கதை ஒரு மனுவாகத்தான் தொடங்கியது. புத்தன் தெருவில் எங்களுக்கு மூன்றாவது வீட்டுச் சீதாலக்ஷ்மி, ஐப்பசிக் கடைசியில், மழை விட்டிருந்த ஒரு மத்தியானம் வந்து, "மாமி, நீங்க கதையெல்லாம் எழுதறேளே, எனக்கு இங்கிலீஷ்லே ஒரு மனு எழுதித் தரணும்" என்றாள். எழுதிக்கொடுத்தேன். மனுவுக்குள் இடம் கிடைக்காமல் வெளியே நின்றுவிட்டவை நிறைய இருந்தன. அவைதான் இது.

முதல் வரி வாய்க்கவில்லை. "கப்பல் மூன்று முறை ஊதியது" என்று ஆரம்பித்தேன். சீதா கப்பலைப் பார்த்ததே இல்லை. அடித்துவிட்டேன். "1946ஆம் வருஷம் ஆனி இருபத்தெட்டாம் தேதி ஓர் அசட்டுத்தனம் நடந்தது" என்று எழுதினால் அதில் கோபம் தெரிகிறது. யார்மேல் கோபப்படுவது என்று எனக்கு இன்னும்

(இந்த வாக்கியம் இப்படியே இருக்கட்டும்.)

2

நாகேஸ்வரன் பினாங்கில் ஒரு ரப்பர் கம்பெனியில் குமாஸ்தா. லீவில் ஊருக்கு வந்த சமயம் சண்டை மூண்டு, ஐந்து வருஷம் இங்கேயே மாட்டிக்கொண்டான். சண்டை முடிந்ததும் கம்பெனி கூப்பிட்டது. திரும்பிப் போக மதராஸில் ஓர் ஆபீஸிலிருந்து பெர்மிட் வாங்க வேண்டும். விண்ணப்பத்தில் மனைவி பெயரும் இருந்தால் இருவருக்கும் சேர்த்தே கிடைக்கும்.* அப்போது அவனுக்கும் சீதாவுக்கும் நிச்சயம் மட்டும் ஆகியிருந்தது. முகூர்த்தம் ஆவணி பதினாலு.

(*பிற்பாடு கட்டிக்கொண்டவள் என்றால், புருஷன் முதலில் போய், வீடு பார்த்து, அங்கிருந்து எழுதிப்போட்டு, ஒரு வருஷமாவது காத்திருக்க வேண்டும். விதி இதைவிட நீளம். கதைக்கு இவ்வளவு போதும்.)

"கல்யாணம் ஆனப்பறம் குடுத்தாப் போறாதா, மாமா?" என்று கேட்டான் நாகேஸ்வரன்.

சீதாவின் அப்பா ராமசுப்ரமணியன் ஹஜூர் கச்சேரி என்கிற சர்க்கார் தலைமை ஆபீஸில் உத்தியோகம் பார்ப்பவர். நாள் முழுக்க விண்ணப்பங்களோடு புழங்குகிறவர். "நாலு நாள்லே ஆடி பொறந்துடும், கேட்டேளா? ஆடியிலே நல்ல காரியம் ஒண்ணும் தொடங்கப்படாது. இன்னிக்கு வெள்ளிக்கிழமை, நாள் அமோகமா இருக்கு. கையெழுத்தைப் போடுங்கோ, மாப்பிள்ளை."

"விவாகம் ஆனவரான்னு ஒரு இடம் இருக்கே?"

"உள்ளதை எழுதுங்கோ. ஆனப்பறம் ஆச்சுன்னு ஒரு காயிதம் போட்டாத் தீர்ந்தது. அதொண்ணும் சாரமில்லை."

கதவுக்குப் பின்னால் நின்ற சீதாவுக்குப் பேனா கிறீச்சிடும் சத்தம் கேட்டது. பினாங்கு எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தாள். அது 'இல்லை' என்று எழுதிய சத்தம்.

3

ஐப்பசியில் பெர்மிட் வந்தது. ஒருவருக்கு. கல்யாணம் ஆயிற்று என்று போட்ட காகிதத்துக்கும் ஒரு பதில் கூடவே வந்தது: விண்ணப்பித்த தேதியில் மனைவி இல்லை, ஆகவே சேர்க்க இயலாது. கப்பல் கார்த்திகை பதினெட்டு. அதைத் தவறவிட்டால் பெர்மிட் செல்லாது.

கல்யாணப் பத்திரிகை அச்சடித்த ஆரியசாலை அழகியநம்பி வீடு தேடி வந்தார்.

"சாமி, தேதிய மட்டும் மாத்தி நாலு பத்திரிக அடிச்சுத் தாரேன். ஆனி இருவத்திரெண்டுண்ணு போடுவோம். இல்லைண்ணு எழுதுனது கை தவறி எழுதுனதுண்ணு ஒரு மனு. மக கப்பலேறிருவா."

"ஆனி இருபத்திரண்டு அஷ்டமி, ஓய்! அஷ்டமியிலே எவன் கல்யாணம் பண்ணுவான்?"

"மதராசுல இருக்க வெள்ளக்காரன் பஞ்சாங்கமா பாக்கப் போறான்?"

ராமசுப்ரமணியன் சிரிக்கவில்லை. நாள் பார்த்துக் கொடுத்தவர் அவர்தானே. பொய் வெளிப்பட்டால் மாப்பிள்ளையின் பெர்மிட்டும் போய்விடும் என்று மட்டும் சொல்லி, எழுந்து உள்ளே போனார். அதற்கப்புறம் அவர் மகளை நிமிர்ந்து பார்க்கவில்லை. அதனால்தான், தன்னையும் பெர்மிட்டில் சேர்க்கச் சொல்லி மனு எழுத, அவள் என்னிடம் வந்தாள்.

4

முதல் பிரதியில் சீதாவை அழவைத்திருந்தேன். உண்மையில் அவள் அழவில்லை.

"தேதியை விட்டுட்டு எழுதுங்கோ மாமி. நான் போட்டுக்கறேன்."

"நம்பி சொன்ன தேதியையா?"

"நாப்பத்தொம்பது நாள் பிந்தினதுக்கு ஒரு பொய். அதைச் சொல்லாட்டா ஒரு வருஷம் தண்டனை. எது பெரிசு?" பேனாவை எடுத்துப் பார்த்துத் திரும்ப வைத்தாள். "ஆனா மாமி, அந்த ஆடி பூரா அவர் சாயங்காலம் கோவிலுக்குப் போறச்சே எங்காத்து வாசல்லே வந்ததும் கால்லே முள்ளு குத்திண்டுடும். தினமும் அதே எடத்திலே. முப்பது நாளும் முள்ளு!" சிரித்துவிட்டாள். "நான் ஜன்னலண்டை நிப்பேன். ஆனியிலேயே கல்யாணம் ஆயிடுத்துன்னு எழுதினா, அப்போ அங்கே நின்னது யாரு?"

இதை மனுவில் எங்கே சேர்ப்பது? ஏக்கம் எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. அந்த ஆடி மாத ஏக்கத்துக்கு முடிகிற நாள் குறித்திருந்தது. இனி வரப்போகிற ஏக்கத்துக்கு நாள் குறிப்பார் இல்லை. இரண்டாவது வேண்டாமென்றால் முதலாவதை நடக்கவில்லை என்று எழுதிக்கொடுக்க வேண்டும்.

5

முடிவு, ஒன்று: பொய்த் தேதியை எழுதுகிறாள், பினாங்கு போகிறாள். யாராவது "எப்போ கல்யாணம் ஆச்சு?" என்று கேட்டால் பதில் சொல்லுமுன் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். (அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அவளைத் தண்டிக்க நான் யார்? அடித்துவிட்டேன்.)

முடிவு, இரண்டு: நாகேஸ்வரன் பெர்மிட்டைக் கிழித்து (கிழிக்க மாட்டான். அம்மாவும் இரண்டு தங்கைகளும் அவன் உத்தியோகத்தை நம்பியிருக்கிறார்கள்.)

மூன்றாவது நான் யோசித்ததில்லை. அவள் செய்தது. என் மேஜையில் உட்கார்ந்து, ஆகஸ்ட் முப்பது என்று ஆவணித் தேதியையே எழுதினாள். அதன் கீழே தன் பள்ளிக்கூடத்து நாலாம் பாரம் இங்கிலீஷில் ஒரு வரி சேர்த்தாள்: 'அவர் இல்லை என்று எழுதிய அன்று நான் கதவுக்குப் பின்னால் இருந்தேன்.' நான் இலக்கணம் திருத்தவில்லை.

6

பதில் என்ன வரும் என்று எழுதப்போவதில்லை. வாசிக்கிறவரே, மனு இப்போது உங்கள் கையில். விதி உங்களுக்குத் தெரியும். தேதி உண்மையானது, அதனாலேயே அவளுக்கு விரோதமானது. தயவுக்கென்று அந்தத் தாளில் தனி இடம் கிடையாது. ஓரத்தில் கொஞ்சம் வெற்றிடம் இருக்கிறது, ஒருவர் எழுதுமளவுக்கு.

இன்று கார்த்திகை ஒன்பது. நீங்கள் எழுதுவது புத்தன் தெருவுக்கு வந்து சேர மூன்று நாளாவது ஆகும். நாகேஸ்வரன் பெட்டி கட்டியாயிற்று. சீதா தன் புடவைகளை எடுத்து, மடித்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருக்கிறாள்: பெட்டிக்குள் போகிறாற்போலவும் இருக்கிறது, அலமாரிக்குத் திரும்புகிறாற்போலவும் இருக்கிறது.