ஜென்னியிடம் மருமகள் கேட்ட யோசனை

1

இந்தக் கதை என் மண்டையில் உதித்ததல்ல, பொய் சொல்வானேன். கொரியாவின் தேகு நகரத்தில் ஒரு மூன்றாம் மாடியில், காலை ஆங்கிலப் பேச்சு வகுப்பில் கிடைத்தது. என் மகள் ஒரு கனடாக்காரனைக் கட்டிக்கொள்ளப் போகிறாள். சம்பந்தியிடம் பல்லைக் காட்டியே காலம் தள்ள முடியாதே என்று சேர்ந்தேன். அங்கே எனக்குப் பெயர் கெவின்.

முதல் வரியை இப்படி எழுதிப் பார்த்தேன்: 'அன்று தேகுவில் மழை பெய்துகொண்டிரு—'

வேண்டாம். மழையில் தொடங்கும் கதையை நானே படிக்கமாட்டேன்.

2

எங்கள் ஊரில் வயதைத் தெரிந்துகொள்ளாமல் யாரோடும் வாயைத் திறக்க முடியாது. ஒரு வருடம் மூத்தவர் என்றாலும் அண்ணன், அக்கா. தவறினால் குடி முழுகிவிடும். வகுப்பெடுக்கும் ரூத் டீச்சர் அதற்கு வேட்டு வைத்தார். வயது கேட்கக் கூடாது, முறை சொல்லக் கூடாது. ஆளுக்கொரு ஆங்கிலப் பெயர், அதைச் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். அறுபத்துநான்கு வயது போக்சுன் அம்மாள் இப்படித்தான் ஜென்னி ஆனார். பக்கத்தில் இருந்த ஹேரின், சூசன் ஆனாள். ஹேரின் அவருடைய மருமகள்.

(மாமியாரும் மருமகளும் ஒரே வகுப்பிலா, நம்பும்படி இல்லையே என்பீர்கள். எனக்கும் உறுத்தியது. ஜென்னியை அடுத்த வீட்டுக்காரி ஆக்கிப் பார்த்தேன். கதை சப்பென்று போயிற்று. உண்மை இதுதான்: இருவராகச் சேர்ந்தால் கட்டணத்தில் தள்ளுபடி. தள்ளுபடி என்றால் போக்சுன் அம்மாள் பேயோடும் சேர்ந்து படிப்பார்.)

இன்னொன்று. அவர்கள் ஆங்கிலத்தில் பேசியதைப் பாடப்புத்தகத் தமிழில் தருகிறேன். எங்கள் ஆங்கிலம் அப்படித்தான் விறைப்பாக இருந்தது.

3

ஹேரினுக்கு ஒரு சங்கடம். சுசோக் அறுவடைப் பண்டிகை வந்தால் மாமியார் வீட்டில் முன்னோர் படையலுக்கு மீனும் பூசணியும் மாவில் தோய்த்துப் பொரித்தாக வேண்டும். கல்யாணமான நாள் முதல் ஒரு பண்டிகைக் காலைகூட அவளுக்கு அம்மா வீட்டில் விடிந்ததில்லை. அப்பா போன பிறகு அம்மா தனி ஆள். இந்த வருடமாவது போக வேண்டும். கேட்கத்தான் வாய் வரவில்லை. கணவனிடம் சொன்னால், "எங்கம்மாகிட்ட நீயே பேசிக்கோ" என்று கழுவுகிற மீனில் நழுவுகிற மீனாக இருந்தான்.

அன்றைய பாடம், தோழியிடம் யோசனை கேட்பது. ரூத் டீச்சருக்கு இந்த உறவெல்லாம் தெரியாது. ஜென்னியையும் சூசனையும் எழுப்பிவிட்டார்.

"ஜென்னி, எனக்கு ஒரு பிரச்சினை இருக்கிறது. பண்டிகைக்கு நான் என் அம்மாவிடம் செல்ல விரும்புகிறேன். என் மாமியார் என்னைப் பொரிக்க விரும்புகிறார்."

நான் புத்தகத்துக்குள் தலையை விட்டுக்கொண்டேன்.

"உன் மாமியார் கெட்டவளா?" என்றார் ஜென்னி.

"இல்லை. அவர் நல்லவர். ஆனால் அவரிடம் பேசப் பயமாக இருக்கிறது."

"அவளுக்கு வயது என்ன?"

"வயது கேட்கக் கூடாது," என்றார் ரூத் டீச்சர்.

"கிழவியாகத்தான் இருப்பாள்." ஜென்னி கொஞ்சம் யோசித்தார். "சூசன், நீ செல். அவளிடம் அனுமதி கேட்காதே. கேட்டால் அவள் 'கூடாது' என்று சொல்ல வேண்டியிருக்கும்."

4

லிஃப்ட்டில் நாங்கள் மூன்று பேர். கதவு மூடியதும் ஜென்னி போய் மாமியார் வந்துவிட்டார்.

"ஏம்மா, வீட்டு விஷயத்தையா நாலு பேர் முன்னால அவுத்து விடுவ?"

"மன்னிச்சிருங்க அத்தை. சும்மா பாடத்துக்காக..."

"பாடமாம் பாடம். பண்டிகை நெருங்குனா பூசணி விலை ஏறிடும், இப்பவே வாங்கி வச்சிரணும்." என் பக்கம் திரும்பினார். "நீங்க எதுக்குச் சிரிக்கிறீங்க, கெவின் சார்?"

"இருமல்மா," என்றேன்.

அவர் போகலாம் என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. தரைத்தளம் வருவதற்குள் ஹேரினின் முகம் தொங்கிப்போயிற்று. எனக்குப் பாவமாக இருந்தது.

5

இனி முடிவு. முதலில் எழுதியதில் ஹேரின் பொரிக்கிறாள், எண்ணெய்ப் புகையில் கண்ணீர் மறை— கிழித்துவிட்டேன். இந்தக் கண்ணீரை டிவி நாடகத்தில் நிறையப் பார்த்தாயிற்று. அடுத்ததில் மாமியார் மனமிரங்கி, "போய்ட்டு வா கண்ணு" என்கிறார். அது அவர் வாயில் வராது. நான் எழுதிக் கொடுத்தாலும் சொல்கிற மனுஷி இல்லை.

நடந்ததையே சொல்லிவிடுகிறேன். பண்டிகை முடிந்து முதல் வகுப்பு. விடுமுறையில் என்ன செய்தீர்கள் என்று ரூத் டீச்சர் கேட்டார். ஜென்னி எழுந்தார்.

"என் மருமகள் வரவில்லை. அவள் என்னிடம் கேட்கவும் இல்லை. எனக்கு மிகுந்த கோபம். என் மகன் பூசணி பொரித்தான். அவனுக்கு முப்பத்தொன்பது வயது. அவனுக்கு அடுப்பு பற்றவைக்கத் தெரியவில்லை. அது என் தவறு."

பிறகு பக்கத்தில் பார்த்தார். "சூசன், உன் அம்மா எப்படி இருக்கிறாள்?"

நலம், நன்றி என்று சொன்னால் போதும். முதல் பாடத்திலேயே படித்தது. சூசன் எழுந்தாள். வாயைத் திறந்தாள். வந்தது எங்கள் பாஷை.

"அத்தை," என்றாள்.

ரூத் டீச்சர் தடுக்கவில்லை. அதற்கு மேல் அவள் சொன்னதை எழுதி எழுதி அடித்தேன். எதுவும் அவள் குரலில் இல்லை. உங்களுக்கும் இப்படி ஒருவர் இருப்பார். அவரை எதிரே நிறுத்திக்கொண்டு மீதியை நீங்களே சொல்லுங்கள். எனக்குக் கேட்க வேண்டாம், அவருக்குக் கேட்டால் போதும்.