ஆம்புரோஸ் கட்டிய சுவர்

சகுவாரோ கள்ளிப்பழம் பறிக்கும் முகாமில் ஐந்து நாள் இருந்துவிட்டு, பழப்பாகு ஜாடிகளோடு வீடு திரும்பிய வெர்னா, வண்டியை விட்டு இறங்கியதும் ஓடையைத்தான் பார்த்தாள். பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். காய்ந்த ஓடையின் குறுக்கே இடுப்பு உயரத்துக்குக் கல்லும் சிமெண்டுமாக ஒரு சுவர் எழும்பியிருந்தது. சும்மா சொல்லக்கூடாது, நூல் பிடித்த மாதிரி இருந்தது.

"எப்படி இருக்கு?" என்றான் அவள் கணவன் ஆம்புரோஸ். ஃபீனிக்ஸ் நகரத்தில் கொத்து வேலை செய்கிறவன், இரண்டு வார லீவில் வந்திருந்தான். "வருஷா வருஷம் முள்ளையும் குச்சியையும் நட்டு மல்லாடுவியே! இனிமே ஒரு சொட்டு தப்பாது."

"அடப்பாவி மனுஷா!" என்று தலையில் அடித்துக்கொண்டாள் வெர்னா.

ஓடையின் முடிவில் இருந்த அவர்கள் நிலத்துக்கு வருடத்தில் ஒரே ஒரு வெள்ளம்தான் வரும். மலையில் கொட்டுகிற மழை ஓடை வழியே இறங்கி, நிலத்தில் விரிந்து பரவினால்தான் டெப்பரி பயறு விதைக்க முடியும். போன கோடையில் அதுவும் வரவில்லை. இந்தக் கோடையும் விதைக்காவிட்டால் நிலத்துக்கு வேலி போட்டுத் தன் மாடுகளை விடுவதாக ஆம்புரோஸின் அண்ணன் டெல்பர்ட் ஈஸ்டர் விருந்திலேயே சொல்லிவிட்டான். எல்லார் முன்னாலும் வெர்னா சரி என்று கை கொடுத்தாள். ஜெயிப்போம் என்று தெரியாமல் கை நீட்டுகிறவளா அவள்?

இப்போது பாபோகிவரி மலையின் தலையில் மேகம் கறுத்துக் குவிந்திருந்தது. தலைக்கு மேலே வெயில் கொளுத்தியது. ஆனால் கிழக்கே இருந்து அடித்த காற்றில் நனைந்த கிரியோசோட் புதரின் வாசனை வந்தது. மலையில் மழை பிடித்துக்கொண்டது. வெள்ளம் இங்கே வந்து சேர ஒரு மணி நேரம் ஆகும்.

"கடப்பாரை எங்க?"

"எதுக்கு?"

"உடைக்க. தண்ணிய நிறுத்தக் கூடாது ஆம்புரோஸ், தயங்க வைக்கணும். நிறுத்தினா அது சுவரைச் சுத்திக் கரை வழியா போகும். போற வழியில நிலத்தை அறுத்து ஆளுயரப் பள்ளம் பண்ணிடும். அப்புறம் எந்த வெள்ளமும் நம்ம நிலத்துல பரவாது."

"பத்து மாடிக் கட்டடத்துக்குச் சுவர் வெச்சவன்டி நான்! எனக்குச் சொல்லித் தர்றியா? இதுல கை வெச்சே, நாளைக்கே ஃபீனிக்ஸுக்கு வண்டி ஏறிடுவேன்."

"ஏறு. நான் வேணாம்னு சொல்லல. இப்ப நகரு."

அவன் நகர்ந்தான், ஆனால் உதவவில்லை. கட்டி இரண்டு நாள்தான் ஆகியிருந்ததால் சிமெண்ட் இன்னும் இறுகவில்லை. ஓங்கிக் குத்தினால் பெயர்ந்தது. நிழல் தேடிக் கல் இடுக்கில் குடியேறியிருந்த கிலுகிலுப்பைப் பாம்பு ஒன்று வாலை ஆட்டிக் கிலுகிலுத்தது. பழம் பறிக்கும் நீளக்கழியால் அதை வெர்னா ஒதுக்கிவிட்டாள். பூச்சில் ஆம்புரோஸின் விரல் தடம் பதிந்திருந்தது. அதைப் பார்த்தபோது அவளுக்கு நெஞ்சு வலித்தது. அதற்காகக் கையை நிறுத்தவில்லை.

டெல்பர்ட் வண்டியில் வந்து, அதன்மேல் சாய்ந்து நின்று வேடிக்கை பார்த்தான். "ஏம்மா, புருஷன் கட்டுறான், நீ இடிக்கிற. நல்ல குடும்பம்! வேலிக் கம்பியெல்லாம் வாங்கிட்டேன், தெரியுமில்ல?"

"பத்திரமா வெச்சிருங்க அத்தான். பயறு முளைச்சதும் முயல் வராம வேலி போட ஆகும்."

டெல்பர்ட் வாய்விட்டுச் சிரித்தான்.

சுவரில் இரண்டு முனைகள்தான் மிச்சம். நடுவில் மெஸ்கீட் மரக் கம்புகளை அடித்து இறக்கி, இடையே முட்கிளைகளைத் தளர்வாகச் சொருகினாள். கடைசிக் கிளையைச் சொருகும்போதே ஓடைக்குள் இரைச்சல் கேட்டது. துள்ளிக் கரையேறினாள்.

சருகும் நுரையும் முயல் புழுக்கையும் தள்ளிக்கொண்டு வெள்ளம் வந்தது. முட்கிளையில் மோதித் தடுமாறியது. இடுக்குகளில் கசிந்து, இரண்டு பக்கமும் விரிந்து, இலையில் ஊற்றிய கஞ்சி மாதிரி நிலம் முழுக்கப் பரவியது. ஆண்டு முழுக்க மண்ணுக்குள் கிடந்த தேரைகள் சாயங்காலமே மேலே வந்து ஆட்டுக்குட்டிகள் மாதிரிக் கத்தின. டெல்பர்ட் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துவிட்டு வண்டியைக் கிளப்பினான்.

ஆம்புரோஸ் ஃபீனிக்ஸுக்குப் போகவில்லை. பேசவும் இல்லை. மூன்றாம் நாள் காலையில் மண் மிதிக்கும் பதத்துக்கு வந்தது. வெர்னா கழியால் குழி குத்தி, பயறு போட்டு, காலால் மூடிக்கொண்டே போனாள். பாதி வரிசையில் அவன் நிழல் பக்கத்தில் விழுந்தது.

"ஒண்ணு கேக்குறேன், மழுப்பாம சொல்லு. என் சுவர் நின்னிருக்குமா?"

இடிந்திருக்கும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வாதம் முடிந்துவிடும். அவள் சொல்லவில்லை.

"நின்னிருக்கும். நீ கட்டினதாச்சே! இதைவிடப் பெரிய தண்ணிக்கும் நின்னிருக்கும். நிலம்தான் போயிருக்கும்."

ஆம்புரோஸ் மிச்சமிருந்த சுவர் முனையைப் பார்த்தான். அந்தத் துண்டைச் சுற்றிக்கொண்டு போன தண்ணீரே கரையில் முழங்கால் ஆழம் தோண்டியிருந்தது.

பிறகு அவளிடம் கையை நீட்டினான். "ஒரு குழிக்கு எத்தனை?"

"அஞ்சு," என்று விதைப்பையை அவன் கையில் கொடுத்துவிட்டு, அடுத்த குழியைக் குத்தினாள் வெர்னா.