மே 4

ஆறு வருடம் கடலடிச் சேற்றோடு மல்லுக்கட்டியவளை ஒரே ஒரு கேள்வி சாய்த்துவிட்டது. அவளுடைய ஆய்வேட்டை மதிப்பிடுபவர் கேட்டிருந்தார்: 'பழங்காலக் கடல் இரண்டு முறை திடீரென்று சூடானது என்கிறீர்கள். இரண்டும் சரியாக நாலாவது குழாயின் இரு முனைகளிலும் நடந்திருக்கிறதே, அது எப்படி?'

விழுந்தடித்துக்கொண்டு குளிர் அறைக்கு ஓடினாள். கப்பலிலிருந்து கடலடியைத் துளைத்து எடுத்த சேற்றுத் தூணை மீட்டர் மீட்டராக நறுக்கிக் குழாய்களில் வைத்திருந்தார்கள். மேலே புதுச் சேறு, கீழே பழையது. சேற்றில் கிடக்கும் கடுகளவு சிப்பிகள் அந்தந்தக் காலத்துக் கடலின் சூட்டைச் சொல்லும். ஒவ்வொரு குழாயின் மேல்முனை மூடியிலும் எழுதியிருந்தது: 'மே 1', 'மே 2', 'மே 3'. 'மேல்' என்று முழுசாக எழுதக் கப்பலில் எவருக்கும் பொறுமை இல்லை. நாலாவதிலும் 'மே 4' இருந்தது. கையெழுத்துதான் வேறு.

அது அவள் அண்ணனுடையது. அந்தக் கப்பலில் கிரேன் ஓட்டுகிறவன். உடனே அவனுக்குப் போன் போட்டாள்.

"அண்ணா, நாலாவது குழாய்ல 'மே 4'னு எழுதினியே, மேல்னுதானே எழுதின?"

"இல்லம்மா, அன்னிக்குத் தேதி. மே நாலு. எழுதுறவரு வாந்தி எடுத்துப் படுத்துட்டாரு. தேதியாவது இருக்கட்டுமேன்னு கைக்குக் கிடைச்ச மூடியில எழுதினேன். ஏன்?"

நோட்டில் நாலாவது குழாயின் கணக்கைத் தலைகீழாக எழுதிப் பார்த்தாள். இரண்டு தாவலும் காணாமல் போயின. கடல் மெல்ல மெல்லத்தான் சூடாகியிருந்தது. ஊருக்கே தெரிந்த சங்கதி. ஆய்வேட்டைக் கொடுக்க வெள்ளிக்கிழமை கடைசி நாள். இரண்டு முறை நீட்டித் தந்தாயிற்று, இனி தரமாட்டார்கள். பட்டமும் போச்சு, வேலையும் போச்சு. பாவி, தேதி எழுத வேறு இடமா கிடைக்கவில்லை?

"மேல்னுதான் எழுதினேன்னு சொல்லுண்ணா. யாரு கேட்டாலும். உன் கால்ல விழறேன்."

"அட, அழாதே. மேல்னுதான் எழுதினேன், போதுமா? படிச்சவ நீ. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அவன் கிண்டல் செய்யவில்லை. உண்மையாகவே அப்படி நம்பினான். அவள் மடிக்கணினியைத் திறந்தாள். போனை வைக்காமலேயே மதிப்பிடுபவருக்குப் பதில் அடித்தாள்: 'நாலாவது குழாயைத் தலைகீழாக வைத்துவிட்டேன். கடல் திடீரென்று சூடாகவில்லை.' அனுப்பியும்விட்டாள்.

"இனிமே உன்னை யாரும் எதுவும் கேக்க மாட்டாங்கண்ணா."

"அப்பாடா! பிரச்சினை தீந்துதா?" என்றான் அண்ணன், சந்தோஷமாக.