விருந்தறையில் குதிரை இறைச்சி

மாலை வகுப்பு ஆசிரியை, தினமும் வெளியில் மாறியிருக்கும் ஏதாவது ஒன்றைப் பார்த்து எழுதச் சொல்லியிருந்தார். நான் எதையும் ‘போலிருக்கிறது’ என்றே முடிப்பவள். பாப்லர் மரங்களில் உச்சி இலைகள் மட்டுமே மிச்சம் போலிருக்கிறது. காகங்கள் மேய்ச்சல் மலையிலிருந்து இறங்கிவிட்டன போலிருக்கிறது. குதிரையின் வயிற்று முடி அடர்ந்துவிட்டது போலிருக்கிறது. கொட்டகையோரம் நான் வைத்த வாளியில் தண்ணீர் அடிவரை உறைந்திருக்கிறது. இது மட்டும் நிச்சயம், தட்டிப் பார்த்தேன்.

இந்த வருடம் குதிரை அறுக்க நாள் குறிக்கும் பொறுப்பு என் அண்ணன் தாலாயுடையது. எங்கள் தெருவில் நான்கு வீடுகளுக்குச் சேர்த்து ஒரு குதிரை அறுப்போம். குளிர் நிலைத்த பிறகு அறுத்தால் இறைச்சி தானே உறைந்து வசந்தம் வரை தாங்கும். அவசரப்பட்டால் நான்கு வீட்டிலும் குளிர்காலம் முழுக்க உருளைக்கிழங்குதான்.

“சைகல், குளிர் உக்காந்துடுச்சா இல்லையா? நேரா சொல்லு.”

“உக்காந்த மாதிரிதான் இருக்குண்ணா. வாளித் தண்ணி அடிவரைக்கும் உறைஞ்சிருக்கு. ஆனா...”

“ஆனா எல்லாம் வகுப்புல போய்ச் சொல்லு.”

விலா இறைச்சியைக் குடலில் அடைத்து வேகவைக்கும் வாசனை அவன் மூக்கில் அப்போதே ஏறியிருந்தது. மறுநாள் குதிரையை அறுத்தார்கள். அதற்கடுத்த நாள் மேற்கிலிருந்து வெதுவெதுப்பான காற்று வந்தது. கூரை சொட்டியது, தெருவோர வாய்க்கால் சலசலத்தது. எங்கிருந்தோ ஒரு ஈயும் வந்தது.

பக்கத்து வீட்டு ஷர்ஷேன் பெரியப்பா என் வாளியைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

“இந்த இடத்துல கோடையில கூட வெயில் படாதேம்மா. குளிரு உலகத்துக்கு வரல, உன் வாளிக்கு மட்டும்தான் வந்துருக்கு.”

அண்ணி அனிபா விருந்தறையின் கம்பளங்களைச் சுருட்டினாள், அடுப்பை அணைத்தாள், வழக்கமாகக் கொட்டகையில் தொங்கும் இறைச்சி முழுவதையும் உப்புத் தடவி அங்கே பலகைகளில் பரப்பினாள். அந்தி சாய்ந்ததும் ஜன்னலைத் திறப்போம், விடிந்ததும் மூடிக் கனமான கம்பளித் திரை போடுவோம். நாங்கள் சமையலறையில் ஒருவர் முழங்கை மேல் ஒருவராகப் படுத்தோம்.

மற்ற வீட்டார் காலையும் மாலையும் வந்து நோயாளியைப் போல விசாரித்தார்கள்.

“இன்னைக்கு எப்படி இருக்கு?”

“தொடை பரவால்ல. விலாப்பக்கம்தான் கொஞ்சம் மனசு சரியில்ல,” என்பான் அண்ணன்.

“தாலாய், உன் வீட்டுக்கு வந்தா எனக்கே அந்த அறையில இடம் கொடுத்ததில்லையே நீ,” என்றார் பெரியப்பா.

விலா இனித் தாங்காது என்று அண்ணி முடிவெடுத்தாள். அதை உடனே சமைத்து நான்கு வீட்டுக்கும் கொடுத்துவிட்டோம். அண்ணன் வழித்து வழித்துச் சாப்பிட்டான், ஆனால் யார் முகத்தையும் பார்க்கவில்லை. இனித் தொடையும் போனால் குளிர்காலத்துக்கு ஒன்றும் மிஞ்சாது.

அன்று அந்தி நேரத்தில் கன்றைக் கட்டிவிட்டுத் திரும்பியபோது ஏதோ குறைந்தது. என்னவென்று புரியாமல் வாசலிலேயே நின்றேன். பிறகு உள்ளே போய், “அண்ணா, நாளைக்கு ஜன்னல மூட வேண்டாம் போலிருக்கு,” என்றேன்.

“உறுதியா?”

“இல்ல. ஆனா வெளிய வந்து கேளேன்.”

அவன் வந்தான். அண்ணி வந்தாள். நாங்கள் தெருவில் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்து மற்ற வீட்டாரும் வந்தார்கள். யாரோ இருமியதற்கு மூன்று பேர் அதட்டினார்கள்.

“ஒண்ணுமே கேக்கலயேம்மா,” என்றார் பெரியப்பா கடைசியில்.

“அதான் பெரியப்பா. வாய்க்கால் நேத்து வரைக்கும் பேசிட்டிருந்துச்சு.”

அவர் குனிந்து கைத்தடியால் வாய்க்காலைத் தட்டினார். டக் என்றது. கொஞ்சம் தள்ளி, பகலெல்லாம் வெயில் விழும் இடத்தில் தட்டினார். அங்கேயும் டக்.

அண்ணன் விருந்தறை ஜன்னலைப் பார்த்தான்.

“இனி அதுங்கள கொட்டகைக்கு அனுப்பலாமா?”

“காலையில பாத்துட்டு அனுப்பலாம்ணா,” என்றேன்.

“இந்தத் தடவையாவது அவ சொல்றத முழுசாக் கேளு,” என்றாள் அண்ணி.