கிட்னி மட்டும் வேண்டாம்

சில்லறைக்கு வாயை அடக்கத் தெரியாது என்பது ஊரறிந்த விஷயம். பேருந்து நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிற வேலை. "சில்லறையாக் குடுங்க, சில்லறையாக் குடுங்க" என்று நாளெல்லாம் கத்தி அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. அப்பேர்ப்பட்டவள் அன்று சாயங்காலம் சுட்டகறிக் கடையில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, ஈரல், குடல், நாக்கு, இதயம் என்று கடைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தக் கடையில் ஆட்டின் உள்ளுறுப்புகள் மட்டும்தான் கிடைக்கும். மசாலா தடவிப் பச்சையாகக் கொண்டுவந்து வைப்பார்கள். மேசை நடுவில் இருக்கிற கரியடுப்பில் நாமே சுட்டுத் தின்ன வேண்டும்.

"கிட்னி இன்னைக்குப் புதுசு," என்றார் கடைக்காரர்.

"கிட்னி மட்டும் வேண்டாம்," என்று சில்லறை அவசரமாகச் சொன்னாள். சொல்லிவிட்டு எதிரே இருந்த தோழியின் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்தாள்.

தோழிக்குப் பெரியவள் என்று பெயர். ஆள் என்னவோ குள்ளம்தான். வீட்டுக்கு மூத்த பிள்ளை என்பதால் அம்மா அப்படிக் கூப்பிட, விடுதிகளின் படுக்கை விரிப்புகளை அவள் இஸ்திரி போடுகிற சலவைக்கூடம் வரைக்கும் அந்தப் பெயர் வந்துவிட்டது. அவளுடைய கிட்னி தம்பிக்குப் பொருந்துகிறது என்று அன்று காலையில்தான் ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள்.

தம்பிக்கு இரண்டும் பழுது. வாராவாரம் மெஷினில் படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வருகிறான். உயிருக்கு இப்போதைக்கு ஆபத்தில்லை, வேறு யாருடையதாவது கிடைக்கட்டும் என்று ஆஸ்பத்திரியில் பெயர் பதிந்தும் வைத்திருக்கிறார்கள். ஆனாலும் கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன் என்று அம்மா பெரியவளைப் பிடித்துக்கொண்டாள். அழுது கேட்டாள், கோபித்துக் கேட்டாள். சித்தப்பா கேட்டார். தம்பி மனைவி கேட்டாள். நீயே கொடேன் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை, அவள் கைக்குழந்தைக்காரியாம். இத்தனை பேரிலும் வாயைத் திறந்து கேட்காதவன் ஒருத்தன்தான். சாட்சாத் தம்பி.

கேட்க அவனுக்கு எப்படி வாய் வரும்? புருஷன் விட்டுவிட்டுப் போனபோது, பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பெரியவள் பிறந்த வீட்டுக்கு வந்தாள். பின்னால் ஒரு சின்ன அறை காலியாகக் கிடந்தது. அதில் கொஞ்ச நாள் இருந்துகொள்கிறேன் என்றாள். தம்பி ஒரு வார்த்தை பேசவில்லை. அவளுடைய பையைத் தூக்கிக்கொண்டு போய்த் தெருவில் வைத்துவிட்டு வந்து கதவருகே நின்றான். மழை தூறிக்கொண்டிருந்தது. அம்மா உள்ளே நின்று பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள், அவ்வளவுதான். அந்தக் குழந்தை இப்போது பள்ளிக்கூடத்தை முடிக்கப் போகிறது. தம்பி அக்காள் வீட்டு வாசலை இன்னும் மிதித்ததில்லை.

சோதனை முடிவைச் சொல்லும்போது டாக்டரம்மா சொந்தக்காரர்களையெல்லாம் வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார். மனசில்லை என்றால் கொடுக்க வேண்டாம், பொருந்தவில்லை என்று வீட்டாரிடம் நாங்களே சொல்லிவிடுகிறோம், உண்மை இந்த அறையைத் தாண்டாது, கொடுக்க வருகிற எல்லோரிடமும் இதைச் சொல்வது எங்கள் வழக்கம் என்றார். பெரியவள் யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து, வெளியே காத்திருந்த அம்மாவிடமும் சாயங்காலம் சொல்கிறேன் என்றே சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

"பழம் நழுவிப் பால்ல விழுந்திருக்குடி," என்றாள் சில்லறை, ஈரலைத் திருப்பிப் போட்டபடி. "பொருந்தலன்னு சொல்லிட்டுப் போயேன். நாலு பேர் வாயில எதுக்கு விழற?"

பெரியவள் குடல் துண்டை இடுக்கியால் அழுத்தினாள். கொழுப்பு சொட்டித் தீ எழும்பியது.

"பொருந்தலன்னு சொன்னா, பொருந்தியிருந்தா நான் குடுத்திருப்பேன்னு ஆயிடும். அவன் பண்ணதெல்லாம் ஒண்ணுமில்லாமப் போயிடும். நான் ஏன் ஒளியணும்? பையை வெளிய வச்சது நானா?"

சில்லறை ஈரல் துண்டை எடுத்துத் தோழியின் தட்டில் வைத்தாள்.

அப்போதுதான் அம்மா கூப்பிட்டாள். கையெல்லாம் எண்ணெய், ஆகவே பெரியவள் போனை மேசையில் வைத்தபடியே ஸ்பீக்கரில் போட்டாள். என்னடி ஆச்சு என்று அம்மா பதறினாள்.

"பொருந்திடுச்சும்மா."

அந்தப் பக்கம் ஒரே அழுகை, சிரிப்பு. என் வயிற்றில் பால் வார்த்தாயே என்று அம்மா வீட்டிலிருந்த எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னாள். பெரியவள் அந்தச் சந்தடி அடங்கட்டும் என்று காத்திருந்தாள். காத்திருந்த அந்தக் கொஞ்ச நேரம்தான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. பெற்றவள் சந்தோஷப்பட்டு எத்தனை நாளாயிற்று!

"ஆனா நான் குடுக்கப் போறதில்ல."

பிறகு அம்மா மெதுவாகக் கேட்டாள். "தான் ஆடாட்டியும் தன் சதை ஆடும்பாங்க. உனக்கு ஆடலையாடி?"

"பையை வெளிய தூக்கி வச்சப்ப உங்க யாருக்கும் ஆடலையேம்மா. நீ நின்னு பாத்துக்கிட்டுதானே இருந்த."

அடுத்த மேசையில் தின்றுகொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். போனில் ஏதோ உரசல் கேட்டது. அதன்பின் வந்தது தம்பியின் குரல். இளைத்துப் போயிருந்தது.

"உனக்கு என்ன வேணும், சொல்லு. அந்தப் பின்னாடி ரூமை உன் பேருக்கே எழுதித் தரேன்."

பெரியவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அன்றைக்கு மழையில் வந்து கேட்ட அதே அறை! போனை அணைக்கப் போன விரல் என்னவோ அணைக்கவில்லை, அப்படியே நின்றது. அவள் இன்னும் ஒரு வார்த்தைக்குக் காத்திருந்தாள். அக்கா, எனக்கு முடியல, குடேன் என்று அவன் அந்த நிமிஷத்தில் கேட்டிருந்தால், அவளே சொன்னதையெல்லாம் அவளே விழுங்கியிருப்பாள். சில்லறைக்கு அது தெரிந்தது.

"யோசிச்சு ஒரு ரேட்டைச் சொல்லு," என்றுவிட்டுத் தம்பி வைத்துவிட்டான்.

பெரியவள் அழுதாள். கொஞ்ச நேரம், வெளிப்படையாக, புகை மேல் பழி போடாமல் அழுதாள். பிறகு புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கடைக்காரரைக் கூப்பிட்டாள்.

"கிட்னி புதுசுன்னீங்களே. ரெண்டு கொண்டாங்க."

சில்லறை வாயைப் பிளந்தாள். தட்டு வந்தது. பெரியவள் இரண்டையும் எடுத்துத் தணலில் வைத்தாள். சுர்ரென்று சத்தம் கேட்டது. போன் மறுபடி அடித்தது. இந்தத் தடவை திரையில் தம்பியின் சொந்த எண். அவனாக அவளைக் கூப்பிடுவது இதுதான் முதல் தடவை.

"எடுடி. கேக்கத்தான் கூப்பிடறானோ என்னவோ," என்றாள் சில்லறை.

"கேக்கணும்னா வீட்டுக்கு வரட்டும். வழி தெரியலன்னா நாலு பேரை விசாரிச்சுக்கிட்டு வரட்டும்," என்றாள் பெரியவள். "தட்டை இப்படி நீட்டு, கருகப் போகுது."