இரண்டாம் கையெழுத்து

அழகேசன் ஐந்தரைக்கு எழுந்தான். பல் துலக்கினான். பாக்கெட் பாலை அடுப்பில் வைத்துவிட்டு லேப்டாப்பைத் திறந்தான். பால் பொங்கி வழிந்தது. துடைத்தான். தினமும் நடப்பதுதான்.

பெரம்பலூரில் ஒரு தனியார் கல்லூரியில் கணினிப் பாதுகாப்புப் பாடம் நடத்துகிறவன் அவன். தெரியாத ஃபைலைத் திறக்காதீர்கள் என்று வருஷத்துக்கு நூறு முறை சொல்கிறவன், முந்தாநாள் 'சம்பள உயர்வுப் பட்டியல்' என்று வந்ததை ஆசையாகத் திறந்தான். இன்று, வீட்டு மனைக்காகச் சேர்த்த பிட்காயின் முழுவதையும் யாருக்கோ அனுப்பச் சொல்லும் உத்தரவு திரையில் நின்றது. கீழே: 'ஒரு கையெழுத்து கிடைத்தது. இன்னொன்றுக்குக் காத்திருக்கிறது.'

வைரஸ் வந்தாலும் காசு போகக் கூடாது என்று அவன்தான் அப்படி அமைத்திருந்தான். கையெழுத்துப் போடும் சாவி ஒன்று இந்த லேப்டாப்பில், அதைத்தான் அந்த ஃபைல் வழியே நுழைந்த திருடன் பயன்படுத்தியிருந்தான்; இன்னொன்று மனைவி வெற்றிச்செல்வியின் போனில். இரண்டும் சேர்ந்தால்தான் பணம் நகரும். ஏற்பாடு பிரமாதம். திருடனால் எடுக்க முடியவில்லை. அவனாலும் முடியாது. ஆறு மாதத்துக்கு முன் அரியலூர் சாலையில் ஒரு லாரி, அவளையும் அந்தப் போனையும் ஒன்றாக நசுக்கிவிட்டது. உலகத்தில் தன் நிலைமை புரிந்த ஒரே ஆள் அந்தத் திருடன்தான் என்று அவனுக்குத் தோன்றியது.

மிச்சமிருந்தது, போன் போனாலும் அவள் சாவியை மீட்கும் பன்னிரண்டு ஆங்கில வார்த்தைகள். எங்கோ எழுதி ஒளித்திருந்தாள். ஆறு மாதமாகத் தேடாததை இரண்டு மணி நேரத்தில் தேடினான். அரிசி டப்பா, பீரோ, சாமி படத்தின் பின்பக்கம். இல்லை. அரியலூரிலிருக்கும் மைத்துனி வேணிக்குப் போன் போட்டான்.

"அதுவா மாமா? அக்கா ஜாதக நோட்டுல கடைசிப் பக்கத்துல எழுதி வச்சிருந்துச்சு. கல்யாணத்துக்கு அப்பறம் அத எவன் தொறக்கப் போறான்னு சிரிச்சுச்சு. நோட்டு வூட்லதான இருக்கு?"

இல்லை. இறந்தவள் ஜாதகத்தை ஆற்றில் விட வேண்டும் என்று பதினாறாம் நாள் சொன்னார்கள். ஜோசியத்தை நம்பாத அழகேசன், ஒரு பக்கம்கூடப் புரட்டாமல், திருமானூரில் தன் கையாலேயே கொள்ளிடத்தில் விட்டான். மிதந்தால் யாராவது எடுத்துவிடுவார்களே என்று கல் வேறு கட்டினான். பாதுகாப்பு!

"மாமா, லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"உங்கள்ட்ட அக்கா சொல்லவே இல்லியா?"

சொல்ல வந்தாள். கடைசி நாள் காலை, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே, "எங்க வச்சிருக்கேன்னு சொல்லிடட்டுமா?" என்றாள். லேப்டாப்பிலிருந்து தலை தூக்காமல் அவன், "சொல்லாத. ரெண்டும் ஒரே ஆளுக்குத் தெரிஞ்சா, அப்பறம் எதுக்கு ரெண்டு சாவி?" என்று பாடம் நடத்தினான்.

"சரிங்க வாத்தியாரே, சொல்லல. பால் பொங்குது பாருங்க."